பதினைந்து நொடி

வின்னிபெக்கில் ஞாயிறு இரவு
பதினொன்றிலிருந்து ஒன்று வரை
யூத இசை. நான் ரைசல் மார்கோவிச்.
வேறு யாரும் கேட்காத நேரம்,
அதனால் எனக்குக் கிடைத்தது.
கையிருப்பு: கல்யாணக் கிளாரினெட் முப்பது தட்டு,
இத்திஷ் நாடகப் பாட்டு ஒரு பெட்டி,
ஒன்று பாதியில் விரிசல்.

நாலாம் மாதமே திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை,
குழாய் மொத்த வியாபாரி டுப்ரோவைத் தவிர.
"இந்தக் கல்யாணத்துக்குத்தான்
போன பனியிலேயே போய்வந்தோமே," என்றார்.

அந்த வாரம் ரொசாரியோவிலிருந்து ஓர் உறை.
உள்ளே கேசட். ஒரு சீட்டு:
'சத்தத்தைக் குறைக்காதீர்கள். மிர்த்தா ஷுல்கின்.'
கேட்டுப் பார்க்காமலே போட்டேன்,
சோம்பல்தான், துணிச்சல் இல்லை.

கடாக்கொம்பை ஒரே ஒரு முறை ஊதி
அந்த ஓர் ஊதலை
நாற்பது நிமிடமாக இழுத்திருந்தாள்.
எச்சில் தெறிப்பது இடிபோல உருண்டது.
கொம்புக்குள் நடந்து போகலாம் போலிருந்தது.
நிலவறை ஹீட்டர் அதே சுருதியில் முனகியதை
அன்றுதான் கேட்டேன்,
இரண்டு வருடமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து.

தொலைபேசியில் ஐந்து பேர்.
நாலு பேர் டிரான்ஸ்மிட்டர் எரிகிறதா என்றார்கள்.
ஒரு பனிவண்டி ஓட்டுநர்
எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார்,
பிறகு வைத்துவிட்டார்.

அப்புறம் உறைகள் வர ஆரம்பித்தன.
ஹைஃபா துறைமுகக் கிரேன்களுக்கு மேல்
சின்தசைசரில் ஒரு சங்கீதப்பாடல்.
தொழுகைக்கூடத்தில் ஆளுக்கொரு வேகத்தில்
முணுமுணுக்கிற எண்பது பேரை
எண்பது ஸ்பீக்கரில் பிரித்து வைத்த ஒருவன்.
சிறுவயதில் அந்த இரைச்சலுக்குள்தான்
அப்பாவின் கோட்டில் முகம் வைத்துத் தூங்குவேன்.
அதற்கு இசை என்று பெயர் உண்டென்று
யாரும் சொல்லவில்லை.

பிறகு லீட்ஸிலிருந்து ஈசர் லுபெட்கின்.
பழைய இசைத்தட்டு, பாவமன்னிப்பு நாள் மாலை,
பாடுகிறவர் யாரென்றே தெரியாது.
லுபெட்கின் சுரங்களையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு
ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால்
அந்த மனிதர் இழுத்த மூச்சை மட்டும் வைத்திருந்தான்.

மெய்யை மட்டும் எழுதி வைக்கிறவர்கள் நாங்கள்.
உயிர், வாசிக்கிறவர் வாயில்.

கடைசி இரண்டு மூச்சுக்கு நடுவே
பதினெட்டு நொடி ஒன்றுமில்லை.
பதினெட்டு எங்கள் எழுத்துக் கணக்கில் உயிர்.
ஆனால் நிலையத்தின் கணக்கு வேறு:
பதினைந்து நொடி மௌனமானால்
நான் செத்துவிட்டேன் என்று முடிவுகட்டி
இயந்திரம் தானே எதையாவது போட்டுவிடும்.

போட்டது.
அக்கார்டியன், பின்னால் கடுகெண்ணெய் விளம்பரம்.

டுப்ரோ உடனே கூப்பிட்டார்.
திட்டு வாங்கக் காதைத் தயாராக வைத்தேன்.
"அந்த ஆள் அடுத்த மூச்சை எடுத்தாரா இல்லையா?"
எடுத்தார் என்றேன்.
"நீ சொன்னால் ஆச்சா?"

பொறியாளர் ஓரெஸ்டிடம் கெஞ்சினேன்.
உரிமத்தில் எழுதியிருக்கிறது, அணைக்க முடியாது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
அவர் தொப்பியைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"இயந்திரத்துக்கு இசை தெரியாது.
முள் அசைந்தால் போதும்."

அடுத்த ஞாயிறு திரும்பப் போட்டேன்.
பதினாலாவது நொடியில் மைக்கைத் திறந்து,
நெருங்கி,
மூச்சு விட்டேன்.
முள் துளி நிமிர்ந்தது.
இயந்திரம் நம்பியது.
நாலு நொடி கழித்து
நூறு வருடத்துக்கு அப்பாலிருந்து அவர்
தன்னுடையதை இழுத்தார்.

டுப்ரோ கூப்பிடவில்லை.
செவ்வாய்க்கிழமை ஒரு தபாலட்டை:
'சரி. இனி கிளாரினெட் போடு.'

போடுகிறேன்.
அதே முப்பது தட்டு, அதே கல்யாணங்கள்.
நாணல் உதட்டைத் தொடும் முன்
அந்த வாத்தியக்காரர் காற்றை அள்ளுகிறார்,
கீறலுக்கு அடியில், சின்னதாக.
முன்பெல்லாம் ஊசியை
அதைத் தாண்டித்தான் வைப்பேன்.